இருக்கட்டும் என்று சொன்னவர்

என் அக்காவைக் கட்டிக்கொண்ட மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரே ஒரு வார்த்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருக்கட்டும். அவ்வளவுதான். மட்டாஞ்சேரி பஜாரில் அந்தக் காலத்து ஆள் எவராவது இன்னும் மிச்சமிருந்தால், இந்த வார்த்தையைக் கேட்டதுமே, "ஓ, அவரா!" என்பார். பெயர் வேண்டாம். அவர் உயிரோடு இருந்தபோதே பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. மலையாளிகளுக்கு அவர் 'இரிக்கட்டெ இக்கா'; இக்கா என்றால் அண்ணன். எங்கள் தமிழ் ராவுத்தர் வீடுகளில் 'இருக்கட்டும் மாமு'. எனக்கு மச்சான்.

சாயா நீட்டினால் இருக்கட்டும் என்பார். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றால் இருக்கட்டும். மழை வருது, குடை எடுத்துக்கிட்டுப் போங்க என்றால் இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தைக்குள்ளிருந்து வேண்டுமா வேண்டாமா என்று பிரித்தெடுக்க என் அக்காவுக்கே நாலைந்து வருஷம் பிடித்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சொன்னால் வேண்டும். கண்ணைத் தாழ்த்திச் சொன்னால் வேண்டாம். "உன் மச்சானுக்கு வாயிலே ஒத்தப் பல்லுடா. அதை வெச்சே கறியும் கடிக்கிறாரு, கல்லும் கடிக்கிறாரு," என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்தால் அவருடைய செருப்பைக் காணோம். எவனோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். விட்டுப்போன செருப்பு இரண்டு விரற்கடை சின்னது. நான் குதிக்கிறேன். பள்ளிவாசல் படியில் நின்று, "எவன்டா அவன் கண்ணு தெரியாதவன்!" என்று கத்துகிறேன். மச்சானோ அந்தச் சின்னச் செருப்புக்குள் காலைத் திணித்துக்கொண்டு, குதிகால் மண்ணில் தேய, "இருக்கட்டும். அவனுக்கு என்ன அவசரமோ," என்று நடந்தார். அடுத்த வாரம் தன்னுடைய செருப்பைப் போட்டிருந்தவனைக் கண்ணாலேயே பார்த்தார். பார்த்ததை என்னிடம் சொல்லவும் செய்தார். யார் என்று மட்டும் சொல்லவில்லை. இதையெல்லாம் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

நான் அவருக்கு நேர் எதிர். போட் ஜெட்டியில் ஆள் கூப்பிடுவது என் வேலை. "எறணாகுளம்! எறணாகுளம்! இதோ விடப்போறோம், ஓடி வா!" என்று விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டே இருப்பேன். நான் இங்கே தும்மினால் அக்கரை வல்லார்பாடத்தில் கோழி எழுந்து கூவும் என்று கேலி பேசுவார்கள். "அல்லா உங்க ரெண்டு பேருக்கும் கொடுக்க வெச்சிருந்த சத்தத்தை மொத்தமா உன் தொண்டையிலே போட்டுட்டான்," என்று அக்கா சொல்வாள். எனக்கு அதில் பெருமைதான்.

மச்சான் ஒரு சேட்டுவின் கிடங்கில் மூட்டைக்கு மார்க்கு போடுகிறவர். குறுமிளகு, சுக்கு, ஏலம் என்று கப்பலுக்குப் போகிற சாக்கெல்லாம் அவருடைய கொட்டகைக்கு வந்துதான் போக வேண்டும். எழுத்து வெட்டிய தகரத் தகட்டைச் சாக்கின்மேல் வைத்து, கறுப்பு மையில் தோய்த்த பிரஷ்ஷால் குத்துவார். தகட்டை எடுத்தால் போகிற ஊரின் பெயர் சாக்கில் நிற்கும். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எந்தத் தகடு எந்த ஊர் என்று மட்டும் தெரியும். அந்த மை மழையில் போகாது, உப்புத் தண்ணீரில் போகாது. அவருடைய நகக்கண்ணில் அது கல்யாணத்தன்றுகூட இருந்தது.

ஒரு தடவை மேஸ்திரி தப்பான தகட்டை எடுத்துக் கொடுத்துவிட்டான். ஹாம்பர்க்குக்குப் போக வேண்டிய சுக்கு. கொடுத்ததோ லிவர்பூல் தகடு. முதல் சாக்கைக் குத்தும்போதே மச்சானுக்குத் தெரியும். தெரிந்தும் குத்தினார். மாலைக்குள் அத்தனை மூட்டையும் லிவர்பூல் ஆகிவிட்டது. மறுநாள் கிடங்கே அமளிப்பட்டது. சுக்கைக் கொட்டி, சாக்கையெல்லாம் உட்புறம் வெளியே திருப்பித் தைத்து, மறுபடியும் நிரப்பினார்கள்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் மச்சான் சொல்லல?"

"அவர் மேஸ்திரி. ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேன்." பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, "முகத்துக்கு நேரா எப்படிடா சொல்றது, நீங்க செய்யறது தப்புன்னு?" என்றார்.

இதற்கும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பு முழுசாக வரவில்லை.

அவருக்கு ஆசை என்று ஒன்று இருந்ததென்றால் அது பந்தாட்டம்தான். சேட்டுவின் கிடங்குக்கு ஒரு கால்பந்து கிளப்பு இருந்தது. மழைக்காலம் ஓய்ந்ததும் ஷீல்டு ஆட்டங்கள் தொடங்கும்; வாரம் ஒன்றாக வெயில்காலம் வரைக்கும் போகும். பரேட் மைதானத்தில் எங்கள் கோலுக்குப் பின்னால் மச்சான் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். நான் பக்கத்தில் நின்று கூச்சல் போடுவேன். அவர் வாயே திறக்க மாட்டார். ஆபத்தான பந்து வந்தால் என் முழங்காலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்துவார். ஆட்டம் முடிந்து பார்த்தால் என் வேட்டியில் அஞ்சு விரலும் கறுப்பாக இருக்கும். அக்கா என்னைத்தான் திட்டுவாள்.

ஆட்டக்காரர்களின் பனியனுக்கு நம்பர் போட்டது அவர்தான், அதே சாக்கு மையால். அதற்காகவே அவரைக் கமிட்டியில் வைத்திருந்தார்கள். அவருக்கு எதிரி என்று யாரும் கிடையாது, அவரும் எதையும் எதிர்க்க மாட்டார்; கமிட்டிக்கு அப்படி ஒரு ஆள் வசதிதானே.

மூன்றாம் நம்பர் பனியன் பைலியுடையது. பைலி எங்கள் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். பதினாலு வருஷமாக அந்த இடத்தில் அவன்தான். பெரிய உடம்பு, சின்னப் பேச்சு. கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி மச்சானின் கொட்டகையில் கொண்டுவந்து அடுக்குவதும் அவன்தான். தமிழ்ச் சுமட்டுக்காரர்களுக்கு நடுவில் வளர்ந்தவன் என்பதால் எங்களிடம் தமிழில்தான் பேசுவான். பத்து மணிச் சாயாவை இருவரும் கொட்டகையில் சாக்கின்மேல் உட்கார்ந்து குடிப்பார்கள். அரை மணி நேரத்தில் ஆளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். என்னால் அந்த இடத்தில் இரண்டு நிமிஷம் இருக்க முடியாது, மூச்சு முட்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், ஷீல்டு ஆட்டங்கள் பாதி முடிந்திருந்தபோது, எறணாகுளத்துப் பக்கம் தேவரா கிளப்பிலிருந்து ஒரு சேதி வந்தது. அவர்களுடைய பேக் கால் ஒடிந்து படுத்துவிட்டான். பைலியைக் கொடுங்கள், பதிலுக்கு எங்கள் பையன்கள் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பத்தொன்பது, இருபது வயசு. ஒருத்தன் இடது காலால் அடித்தால் வலை கிழியும் என்று பேச்சு. இன்னொருத்தன் ஓடினால் பிடிக்க முடியாது.

கிடங்கு வாசலுக்கு எதிரே ஹம்சா இக்காவின், எங்கள் வாயில் ஹம்சாக்காவின், சாயாக்கடை. அங்கே ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை.

"முப்பத்தஞ்சு வயசாச்சு பைலிக்கு!" நான் மேசையைத் தட்டினேன். "பந்து போன பின்னாடிதான் திரும்பறான். இப்போ விட்டா ரெண்டு பசங்க கிடைப்பாங்க. அடுத்த வருஷம் கேட்டா அவனை யாரு எடுப்பா?"

"நீ அவன் காலைப் பாக்கறே," ஹம்சாக்கா சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அவன் கண்ணைப் பாருடா. பந்து வர்ற இடத்துலே முன்னாடியே போய் நிக்கறான். நிக்கறவன் எதுக்கு ஓடணும்? பாதி ஷீல்டு முடிஞ்சிருக்கு. பாதியிலே எவனாச்சும் வீட்டுத் தூணைப் பிடுங்கிக் கொடுப்பானா?"

"தூண் செல்லரிச்சா மாத்தத்தானே வேணும் ஹம்சாக்கா!"

"போடா, நீ ஒரு மாத்தறவன்! அவன் வேலை என்னாகும்னு யோசிச்சியா?"

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிளப்பில் ஆடுகிறவனுக்குத்தான் கிடங்கில் நிரந்தர வேலை. கிளப்பு மாறினால் வேலையும் மாறும். தேவராக்காரர்களுக்குப் படகுப் பட்டறை இருந்தது. அங்கே வேலை தருவார்கள். ஆனால் ஆடுகிற வரைக்கும்தான். அதற்குப் பிறகு சாப்பாதான் கதி.

சாப்பா என்பது ஒரு உலோக வில்லை. துறைமுகத்தில் அன்றைக்கு எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை வில்லையை, ஆள் எடுக்கும் மூப்பன் காலையில் கூட்டத்துக்குள் விட்டெறிவான். கையில் சிக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. சிக்காதவன் வீட்டுக்குப் போகலாம். நூறு பேர் நிற்கிற இடத்தில் இருபது வில்லை விழும். ஒருவன்மேல் ஒருவன் விழுந்து, விரலைக் கடித்துப் பிடுங்குவதையெல்லாம் ஜெட்டியில் நின்று தினமும் பார்த்தவன் நான்.

"அதெல்லாம் அவனுக்கு ஒண்ணும் ஆகாது," என்றேன். எனக்கு அந்த இடது காலுக்காரன் வேண்டியிருந்தது. ஷீல்டு வேண்டியிருந்தது. வேறு என்ன சொல்ல?

மூலையில் மச்சான் சாயா குடித்துக்கொண்டிருந்தார். "மச்சான், நீங்க சொல்லுங்க," என்று இழுத்தேன்.

"இருக்கட்டும்."

ஹம்சாக்கா துள்ளினார். "கேட்டியா? பைலி இருக்கட்டும்ங்கறாரு!"

"அதெல்லாமில்லை. வர்ற பசங்க இருக்கட்டும்ங்கறாரு!"

கடை முழுக்கச் சிரிப்பு. மச்சானும் லேசாகச் சிரித்தார். எது சரி என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடங்கு மாடியில் கமிட்டி கூடியது. நான் கமிட்டியில் இல்லை, ஆனாலும் வாசற்படியில் நின்றேன். என்னை யாரால் தடுக்க முடியும்? மொத்தம் ஐந்து பேர். இரண்டு பேர் கொடுக்கலாம் என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். மிச்சமிருந்தது மச்சான்.

செக்ரட்டரி திருச்சூர்ப் பக்கத்து மனுஷர், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எப்போதும் அவசரம். பேனாவைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எந்தா இக்கா? கொடுக்கட்டே?"

கொடுத்துவிடட்டுமா என்று அர்த்தம். மச்சான் சுவரைப் பார்த்தார். ஆணியில் பனியன்கள் வரிசையாகத் தொங்கின. மூன்றாம் நம்பரைப் பைலி துவைக்க எடுத்துப் போயிருந்தான்; அந்த வெறும் ஆணியில் அவர் பார்வை நின்றது. அங்கே நின்ற எல்லோரையும்விட அவரைத் தெரிந்தவன் நான். அவர் தலை சாயவில்லை, கண் தாழவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னார்: "இருக்கட்டும்."

"இரிக்கட்டெ! அது மதி," அது போதும் என்று சொல்லி, செக்ரட்டரி எழுதிவிட்டார்.

எங்கள் தமிழில் அது அவன் இங்கேயே இருக்கட்டும் என்ற பேச்சு. செக்ரட்டரியின் மலையாளத்தில், ஒன்றை ஒருவர் கையில் கொடுத்து, இரிக்கட்டெ என்றால், நீயே வைத்துக்கொள், போகட்டும் என்று அர்த்தம். கிட்டத்தட்ட ஒரே சத்தம். அவர் காதுக்கு, தேவராக்காரர்களுக்கே இருக்கட்டும் என்று விழுந்தது. கூடாது என்று சொன்ன இருவரும், இக்காவே சொல்லிவிட்டார், பின்னே என்ன என்று எழுந்துவிட்டார்கள்.

மச்சானின் கை பெஞ்சிலிருந்து கொஞ்சம் மேலே எழுந்தது. வாய் திறந்தது. செக்ரட்டரி அதற்குள் பேனாவை மூடிச் சட்டையில் செருகிவிட்டார். கை கீழே இறங்கியது.

வீட்டுக்கு நடந்தோம். யூதத் தெரு முனை வரை அடக்கிக்கொண்டேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"மச்சான், நீங்க சொன்னது என்ன?"

"பைலி இருக்கட்டும்னுதான் சொன்னேன்."

"அவர் வேற மாதிரி எழுதிட்டாரே!"

"ஆமா."

"அப்போ திரும்பிப் போய்ச் சொல்லுங்க. லெட்டர் நாளைக்குக் காலையிலேதான் போகும்."

நின்றார். திரும்பிக் கிடங்குப் பக்கம் பார்த்தார். இரண்டு அடி நடக்கவும் செய்தார். அல்லா மேல் ஆணையாகச் சொல்கிறேன், இரண்டு அடி நடந்தார். பிறகு, "அத்தனை பேரு முன்னாடி எழுதினதை அடிக்கச் சொன்னா அந்த மனுஷனுக்கு வெட்கமாப் போயிடும்," என்றார். வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இருக்கட்டும்."

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கென்ன வந்தது? எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மறுநாள் காலை செக்ரட்டரி ஜெட்டிக்கு வந்து அந்தக் கடிதத்தை என் கையில்தான் கொடுத்தார். எறணாகுளத்தில் தேவரா ஆள் நிற்பான், அவனிடம் சேர்த்துவிடு என்றார். நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எறணாகுளம்! எறணாகுளம்!" என்று கத்திக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அன்று என் குரல் நன்றாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மச்சானுக்குச் சோற்றுப் பாத்திரம் கொண்டுபோனேன். கொட்டகையில் பைலி நின்றிருந்தான். துவைத்து மடித்த பனியன் கையில்.

"பனியன், இக்கா."

மச்சான் வாங்கிக்கொண்டார். பைலி போகவில்லை. வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா இக்கா?" என்று கேட்டான். நான் அதைப் பிரிகிறவன் பேசுகிற பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் பனியனை விரித்தார், மடித்தார். மறுபடியும் விரித்தார். பிறகு, "சாயா குடிச்சிட்டுப் போ," என்றார்.

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பைலி போனான்.

அந்தப் பனியனை இடது காலுக்காரனுக்குக் கொடுத்தார்கள். நம்பரை மாற்ற முடியவில்லை, மை போகாதே. முன்வரிசையில் ஆடுகிறவன் முதுகில் பேக்குடைய நம்பர். பையன் நல்ல ஆட்டக்காரன்தான், பொய் சொல்லக்கூடாது. கோல் அடித்தான். ஆனால் ஒரு கோல் அடித்தால் பின்னால் இரண்டு வாங்கினோம். ஷீல்டும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அடுத்த மழைக்கு முன் அவனைப் பம்பாய்க்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். வேகமாக ஓடினவன் கிடங்கில் பைலியின் இடத்தில் மூட்டை தூக்கினான். அதன் பிறகு பந்தாட்டத்தில் அவனுக்கு மனசு போகவில்லை.

பைலிக்குத் தேவராவில் நாலாவது ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. வெயில்காலம் முடிவதற்குள் பட்டறையில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் கிடங்கில் அவன் இடம் போய்விட்டது. பிறகு ஒருநாள் காலை, போட்டில் நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாப்பாக் கூட்டத்தில் பைலியைப் பார்த்தேன். பின்வரிசையில் நின்றிருந்தான். மூப்பன் கையை வீசினான். வில்லை எங்கே விழும் என்று பைலிக்கு முன்னாடியே தெரிந்திருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். அவன் உடம்பு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. கால்தான் போய்ச் சேரவில்லை. நாலு பேர் அவன்மேல் விழுந்து எழுந்து போனார்கள். பைலி மணலைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் தொண்டையில் எறணாகுளம் பாதியில் நின்றுவிட்டது.

அதை அக்காவிடம் சொன்னேன். அக்கா மச்சானை விடவில்லை. "சேட்டுகிட்டே ஒரு வார்த்தை சொல்லுங்க. இருபது வருஷமா அங்க வேலை பாக்கறீங்க. ஒரு வார்த்தை! உங்களைக் கடிச்சா தின்னுடுவாரு?" சலவைச் சட்டை எடுத்துக் கொடுத்து, பட்டனும் போட்டுவிட்டு அனுப்பினாள். மச்சான் போனார். ஆபீஸ் மாடிப்படி ஏறினார். சேட்டு தலையைத் தூக்கி, என்ன என்று கேட்டார். மச்சான், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

அன்று அக்கா சோறு போடவில்லை. "நீங்க மனுஷனே இல்ல," என்றாள். முதல் தடவையாக, இருக்கட்டும் என்ற வார்த்தையைக் கேட்டு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மச்சான் சலவைச் சட்டையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கெட்டவராக இருந்தால் அடித்துத் திருத்தலாம், குடிகாரராக இருந்தால் பூட்டி வைக்கலாம். இவரை என்ன செய்வது?

பிறகு அவர் ஜெட்டி வழியாக வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். அரண்மனைப் பக்கம் சுற்றிக்கொண்டு போனார். பரேட் மைதானத்துக்கு வரவில்லை. பத்து மணிச் சாயா வந்தால் இரண்டு கிளாஸ் வாங்கி, ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார் என்று கிடங்கில் சொன்னார்கள். அது ஆறிப்போகும். யாரும் குடிக்க மாட்டார்கள்.

பைலி மூன்று மழைக்காலம் தாக்குப்பிடித்தான். நாலாவதில் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, பத்து நாளில் முடிந்துபோனான். சாப்பா ஒழிந்தது அதற்குப் பிறகுதான்.

மச்சானைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். தோப்பும்படிக்குப் போகிற வழியில் ஒரு கால்வாயோரம் அவன் வீடு. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மெழுகுவர்த்தி, ஜெபம், முனகல். கிளப்பு ஆட்கள் யாரும் வந்திருக்கவில்லை. ஹம்சாக்கா மட்டும் நின்றார். மச்சான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பைலியின் காலருகே நின்றார். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பைலியின் பெண்சாதி எழுந்து வந்தாள். நான் அதற்குமுன் அவளை இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். "இரிக்கூ இக்கா," என்றாள், உட்காருங்கள் என்று.

மச்சானின் வாய் திறந்தது. வந்தது அந்த வார்த்தைதான். வேறு எது வரும்?

"இருக்கட்டும்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"பைலிச்சேட்டனுக்குத் தமிழ் தெரியும் இக்கா," என்றாள். "கமிட்டியிலே நீங்க இப்படிச் சொன்னீங்கன்னு ஆளுங்க வந்து சொன்னப்பவே, இக்கா என்னைப் போக வேண்டாம்னுதான் சொல்லியிருக்கு, அவங்களுக்குத்தான் மனசிலாகலன்னு என்கிட்டே சொல்லுச்சு. நீங்க போய்ச் சரியாச் சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளு காத்திருந்துச்சு. பனியனைக்கூட அதுக்காகத்தான் கையிலே எடுத்துக்கிட்டு வந்துச்சு."

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த கிழவி நிறுத்திவிட்டாள்.

"இந்த வாக்கை அன்னைக்குக் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாமே இக்கா."

மச்சான் உட்கார்ந்தார். நாற்காலியில் பாதியும் காற்றில் பாதியுமாக உட்கார்ந்தார். மை படிந்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டார். அன்றைக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. சாயா நீட்டினால் வேண்டாம் என்பார், சோறு போட்டால் போதும் என்பார். இத்தனை வருஷம் அவரோடு மல்லுக்கட்டின அக்கா, அதைக் கேட்கும்போதெல்லாம் அடுப்படிக்குப் போய் அழுதாள். ஏழு வருஷம் அப்படியே இருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார்.

ஆனால் நான் மறக்க முடியாமல் வைத்திருப்பது அது இல்லை. உரக்கச் சொல்லியிருக்கலாமே என்று அவள் சொன்னபோது, அந்த வீட்டில் உரக்கச் சொல்லத் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தான். அவன் வாசலில், கழற்றிக் கிடந்த மச்சானின் செருப்புக்குப் பக்கத்தில், வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான். யூதத் தெரு முனையிலேயே எல்லாம் தெரிந்தவன் அவன். தெரிந்தே கடிதத்தைக் கொண்டுபோனவன் அவன். மச்சான் கொஞ்சம் திரும்பி ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், இவன்கிட்டே சொன்னேனே என்று. திரும்பினார். என்னைப் பார்த்தார். விரல் நீளவில்லை. என்னையும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.